மிஞ்சிய பார்வையைக் கொண்டு வாழ்க்கையை நடத்த: மலையகத்திலிருந்து லோ விஷன் கிளினிக் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“இனி ஒபரேஷன் செய்ய ஒன்றுமில்லை, கண்ணாடி மாற்றினாலும் இதைவிடத் தெளிவாகத் தெரியாது” என்று கண் டாக்டர் சொன்னதும், கிளினிக் கொப்பியை அலுமாரியில் வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் எங்கள் தோட்டங்களில் நிறையப் பேர். அடுப்படிப் பக்கம் போகவிடாமல் பிள்ளைகளே தடுத்துவிடுவார்கள். ஆறு மாதத்தில் கோயிலுக்குப் போவது நிற்கும், அப்புறம் பக்கத்து லயத்துக்குப் போவதும் நிற்கும். என் அம்மா கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தத்தால் அவருடைய பார்வை பாதிக்கு மேல் போனபோது அவரை அப்படி உட்காரவிட எனக்கு மனம் வரவில்லை. எங்கே போவது, எதைக் கேட்பது என்று சொல்ல ஆளில்லாமல் நிறைய அலைந்தோம். அந்த அலைச்சலை உங்களுக்குக் குறைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

லோ விஷன் கிளினிக் என்பது சிகிச்சைக்குப் பிறகும் பார்வை குறைவாகவே இருப்பவர்களுக்கானது. அங்கே போனால் போன பார்வை திரும்பாது. மிச்சம் இருக்கும் பார்வையை வைத்து சமைக்க, மருந்து எடுக்க, காசு எண்ண, படியிறங்க அங்கே பழக்குகிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

1. சிகிச்சை உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று கேளுங்கள்

கண்புரை என்றால் ஒபரேஷனில் சரியாகும். சீனியால் விழித்திரை பழுதானால் லேசரோ ஊசியோ மிச்சத்தைக் காப்பாற்றலாம். கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து ஆயுள் முழுக்கத் தேவை. ஆகவே டாக்டரிடம் நேராக மூன்று கேள்வி கேளுங்கள்: இது என்ன நோய்? இன்னும் செய்யக்கூடிய சிகிச்சை இருக்கிறதா? எந்த மருந்தை நிறுத்தக் கூடாது?

மூன்றாவது கேள்வி மிக முக்கியம். “லோ விஷன் கிளினிக் போகிறோம்தானே” என்று அழுத்தத்துக்கான சொட்டு மருந்தை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விட்டால் மிச்சப் பார்வையும் போகும். கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் ஒபரேஷன் என்றால், இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியிலிருந்து லென்ஸ் செலவுக்கு உதவி உண்டு. தோட்டத்து ஒபீஸில் விசாரியுங்கள்.

2. கடிதமும் கடதாசிகளும்

தோட்டத்து மருந்து காம்பராவிலிருந்து நேராக லோ விஷன் கிளினிக் போக முடியாது. முதலில் பக்கத்து ஆஸ்பத்திரியின் கண் கிளினிக், அங்கிருந்து கடிதம், அதன் பிறகுதான் லோ விஷன். கடிதம் கேட்கும்போது “லோ விஷன் கிளினிக்குக்கு” என்று அந்தச் சொல்லாலேயே கேளுங்கள். “கண் சரியாகத் தெரியவில்லை” என்று மட்டும் சொன்னால் மறுபடியும் கண்ணாடிக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

கடிதத்தில் இரண்டு கண்ணின் பார்வை அளவும் எண்ணாக இருக்க வேண்டும், அதுவும் கண்ணாடி போட்ட பிறகு எடுத்த அளவு. 6/18 என்று எழுதியிருந்தால், நல்ல கண் 18 மீற்றரில் பார்ப்பதை இந்தக் கண் 6 மீற்றரில்தான் பார்க்கிறது என்று அர்த்தம். நல்லதாக இருக்கும் கண்ணில், கண்ணாடியோடும் 6/18ஐவிடக் குறைந்து 3/60 வரை இருப்பதைத்தான் வழக்கமாக லோ விஷன் என்று கணக்கெடுப்பார்கள். பக்கப் பார்வை சுருங்கிப்போனவர்களுக்கு நேராகப் பார்க்கும் அளவு நன்றாக இருந்தாலும் சிரமம் இருக்கும். அவர்கள் பார்வைப் புலப் பரிசோதனைத் தாளையும் கொண்டு போக வேண்டும்.

ஒரே பையில் போட்டு வையுங்கள்:

- தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதிகளும்
- கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், ஒபரேஷன் அல்லது லேசர் செய்த கடதாசி
- சீனி, பிரஷர் பார்த்த ரிப்போட்டுகள், குடிக்கும் மருந்துகளின் அட்டைகள்
- வீட்டில் இருக்கும் எல்லாப் பழைய கண்ணாடியும், உடைந்தது உட்பட

எதையும் மூலப் பிரதியாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். போட்டோ கொப்பி இரண்டு மூன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தோட்டங்களில் செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் சிங்கள உச்சரிப்பில் வேறு எழுத்து என்று இருப்பது சாதாரணம். கிளினிக் கொப்பியில் முதல் நாளே அடையாள அட்டையில் உள்ளபடி பெயரை எழுதச் சொல்லுங்கள். பின்னால் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும்போது இந்த ஓர் எழுத்துதான் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். ஏற்கெனவே பெயர் மாறியிருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி எடுங்கள். பிறப்புச் சான்றிதழே இல்லாத முதியவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டியிருக்கும். அதை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

3. எங்கே, எவ்வளவு நேரம், எவ்வளவு காசு

நுவரெலியா, பதுளை ஆஸ்பத்திரிகளில் கண் கிளினிக் பார்க்கலாம். மலையகத்துக்குப் பெரியது கண்டி தேசிய வைத்தியசாலையின் கண் பிரிவு. கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையில் லோ விஷன் கிளினிக் இருக்கிறது. மருதானை ரயில் நிலையத்தில் இறங்கினால் முச்சக்கர வண்டியில் கொஞ்ச தூரம்தான். உங்கள் நோய்க்கு எது பக்கம், எது பொருத்தம் என்று கடிதம் எழுதும் டாக்டரிடமே கேளுங்கள். கிளினிக் நாளை வாரத்தின் எந்த நாள் என்பதோடு ஃபோனில் உறுதி செய்துகொண்டு புறப்படுங்கள். போயா நாளில் போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு.

அரச ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் காசில்லை. காசு போவது வேறு இடத்தில்: இரண்டு பேருக்கு பஸ், சாப்பாடு, கூடப் போகிறவருக்கு ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்). கொழும்பு என்றால் ஓர் இரவு தங்கவும் வேண்டும். மலைப்பாதையில் மண்சரிவு, ரயில் தாமதம் எல்லாம் வழக்கம். அன்று காலையில் போய் நம்பர் எடுக்கலாம் என்று நம்பாதீர்கள். கடிதம் கிடைத்ததற்கும் முதல் கிளினிக் நாளுக்கும் இடையில் வாரங்கள் ஆகும், சில வேளை மாதங்களும் ஆகும். சம்பள நாளுக்குப் பிந்திய வாரத்தில் திகதி கேட்டால் கையில் காசு இருக்கும்.

4. போகுமுன் ஒரு பட்டியல் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். டாக்டரிடம் “கண் மங்கல்” என்று சொல்வது போதாது. எந்த வேலை முடியவில்லை என்று சொல்ல வேண்டும். கிளினிக்கில் தருகிற லென்ஸும் பயிற்சியும் அந்த வேலையைப் பொறுத்துத்தான் அமையும். அரிசியில் கல் பொறுக்குவதற்கு ஒரு தூரம், பஸ் பலகை வாசிக்க வேறு தூரம், தேவாரப் புத்தகம் வாசிக்க இன்னொரு தூரம்.

அம்மாவின் பட்டியலில் முதலில் இருந்தது என்ன தெரியுமா? மருந்து அட்டையில் எது காலை, எது இரவு என்று பார்ப்பது. இரண்டாவது, பேத்தியின் முகம். மூன்றாவது, குழாயடிக்குப் போகும் படி. நான் எழுதியிருந்தால் வாசிப்பதைத்தான் முதலில் போட்டிருப்பேன். ஆகவே பார்வை குறைந்தவரே சொல்லட்டும், நீங்கள் எழுத மட்டும் செய்யுங்கள். ஐந்தாறு வேலை போதும். ஒவ்வொன்றுக்கும் பகலில் சிரமமா, இரவிலா, மூடுபனியிலா என்று குறித்துக்கொள்ளுங்கள். வாசிக்க வேண்டிய பொருளையே பையில் போட்டுக்கொண்டு போங்கள்: மருந்து அட்டை, பாட்டுப் புத்தகம், சம்பளத் துண்டு.

5. பரிசோதனை நாள்

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்ட நாளில் லோ விஷன் பரிசோதனை செய்தால் அளவுகள் சரியாக வராது. கிட்டப் பார்வை சில மணி நேரம் மங்கும், வெளிச்சம் கூசும். இரண்டு கிளினிக்கும் ஒரே நாளில் விழுந்தால், சொட்டு போடுவதற்கு முன்பே “இன்றைக்கு லோ விஷன் பார்க்கவும் இருக்கிறது” என்று தாதியிடம் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாவிட்டால் ஒரு பயணம் வீண்.

தூரப் பார்வை, கிட்டப் பார்வை இரண்டும் பார்ப்பார்கள். மங்கலான எழுத்து எவ்வளவு மங்கல் வரை தெரிகிறது, பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது, கூச்சம் எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். அப்புறம் வேறு வேறு லென்ஸைக் கையில் தந்து வாசிக்கச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். “தெரிகிறதா?” என்று கேட்டால் மரியாதைக்காக “ஆமாம் ஐயா” என்று தலையாட்டுவது எங்கள் பெரியவர்களின் பழக்கம். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லும்படி முன்கூட்டியே பழக்கிக் கூட்டிப் போங்கள். மொழி சிரமமாக இருந்தால் தமிழ் தெரிந்த தாதியையோ ஊழியரையோ கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

நடுப்பார்வை போனவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்லித் தருவார்கள்: பொருளை நேராகப் பார்க்காமல் சற்று மேலேயோ பக்கத்திலோ பார்ப்பது. விழித்திரையில் நடுப்பகுதி பழுதானாலும் ஓரம் வேலை செய்கிறது, அந்த ஓரத்தைப் பயன்படுத்தும் வழி இது. முதலில் தலை வலிக்கும். தினமும் பத்து நிமிடம், கலண்டரின் பெரிய எண்களில் தொடங்குங்கள்.

6. லென்ஸ் வாங்குமுன்

கிளினிக்கில் லென்ஸின் பலத்தை ஒரு எண்ணாக எழுதித் தருவார்கள், டயோப்டர் என்று. அதை நான்கால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று தோராயமாகத் தெரியும். 8 டயோப்டர் என்றால் 2 மடங்கு. வாசிக்கும் தாளிலிருந்து சுமார் 12 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடிக்க வேண்டும். 20 டயோப்டர் என்றால் 5 மடங்கு, ஆனால் 5 சென்ரிமீற்றர் தூரத்தில்தான் தெளிவாக இருக்கும், ஒரு பார்வைக்கு இரண்டு மூன்று எழுத்துதான் விழும். பலம் கூடக் கூட லென்ஸ் சிறிதாகும். கடையில் அகலமான கண்ணாடியைக் காட்டி “இதுதான் பவர் கூட” என்றால் நம்பாதீர்கள். 30 மடங்கு என்று அச்சடித்து மலிவாக விற்பதையும் நம்பாதீர்கள். வேலையைச் செய்ய எது குறைந்த பலமோ அதுவே சரி.

கை நடுங்குகிறவர்களுக்குக் கையில் பிடிக்கும் லென்ஸ் ஒத்துவராது. தாளின் மேலேயே வைத்து நகர்த்தும் காலுள்ள லென்ஸ், அதிலும் உள்ளே சின்ன வெளிச்சம் உள்ளது நல்லது. இதைக் கிளினிக்கிலேயே பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எங்களுக்கு நகரத்துக் கண்ணாடிக் கடை ஒன்றில், லோ விஷன் கடிதத்தைக் காட்டியும், விலை கூடிய சாதாரண இரட்டைப் பவர் கண்ணாடியைத் தலையில் கட்டினார்கள். அது ஒன்றுக்கும் உதவவில்லை. கடிதத்தில் எழுதாத எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

கண்ணுக்கு மிகக் கிட்டே பிடித்து வாசித்தால் கண் கெடும் என்று ஊரில் சொல்வார்கள், கெடாது. லென்ஸை வெயில் விழும் ஜன்னலில் மட்டும் வைக்காதீர்கள், துணியில் தீப்பிடிக்கும்.

7. வீட்டை மாற்றுவது

காசு குறைவாகவும் பலன் கூடவும் இருப்பது இங்கேதான். லயன் காம்பராவில் ஒரு ஜன்னல், புகை படிந்த சுவர், கறுத்த தரை. நல்ல கண் உள்ளவருக்கே அங்கே சிரமம்.

வெளிச்சம்: கூரை நடுவில் ஒரு பெரிய பல்பு போடுவதைவிட, வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு பயன் தரும். விளக்கின் தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்காகும். நன்றாகத் தெரியும் கண்ணின் பக்கமாக, தோளுக்குப் பின்னாலிருந்து விழட்டும். முகத்தில் அடித்தால் கூசும். சுவருக்கு வெள்ளை அடியுங்கள். கூரைத் தகரத்தில் ஒன்றை வெளிச்சம் விடும் தகடாக மாற்ற முடிந்தால் பகலில் அடுப்படியே மாறிவிடும். லயத்துக் கூரை என்றால் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

நிற வேறுபாடு: வெள்ளைச் சோறு வெள்ளைக் கோப்பையில் தெரியாது. கடும் நிறக் கோப்பை ஒன்று ஒதுக்குங்கள். பிளேன்டீக்கு வெள்ளைக் கப், பால் தேத்தண்ணிக்குக் கடும் நிறக் கப். வெங்காயம் நறுக்கக் கறுத்த பலகை, கத்தரிக்காய்க்கு வெள்ளைப் பலகை. உப்புப் போத்தலுக்கும் சீனிப் போத்தலுக்கும் மூடி நிறம் வேறாக இருக்கட்டும். காஸ் அடுப்பின் மூடும் நிலையில் நெயில் பாலிஷால் தடிப்பாக ஒரு புள்ளி வையுங்கள், விரலுக்குத் தெரியும்.

மருந்து: காலை மருந்துக்கு ஒரு ரப்பர் பட்டி, இரவு மருந்துக்கு இரண்டு. இன்சுலினை மட்டும் வீட்டில் பார்வை உள்ள ஒருவர் அளந்து கொடுக்க வேண்டும். சிரிஞ்சில் ஒரு கோடு தவறினாலும் ஆபத்து. பகலில் எல்லாரும் மலைக்குப் போய்விடுகிற வீடு என்றால், அதைக் கிளினிக்கில் சொல்லி வேறு வழி கேளுங்கள்.

படிகள்: ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை அல்லது மஞ்சள் கோடு. இஸ்தோப்பு விளிம்புக்கும் கான் ஓரத்துக்கும் கூடப் போடுங்கள். மழையில் அழியும், தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது சேர்த்துப் புதுப்பிக்கலாம். கதவு பாதி திறந்தபடி இருக்கக் கூடாது: முழுக்கத் திற அல்லது மூடு. வாளி, விறகுக்கட்டு, பிள்ளைகளின் சப்பாத்து எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். பொருளை இடம் மாற்றினால் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையைப் பறிக்காதீர்கள். மெதுவாகச் செய்யட்டும், கொஞ்சம் சிந்தட்டும்.

8. வெளியே நடப்பது

மூடுபனியில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும், படிக்கும் தரைக்கும் வித்தியாசம் தெரியாது. பனி விலகி வெயில் அடித்தால் அதே கண் கூசும். விளிம்புள்ள தொப்பி கூச்சத்துக்கு உதவும். கிளினிக்கில் மஞ்சள் அல்லது தேன் நிறக் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குப் பெரிய மாற்றம் தரும். கறுப்புக் கூலிங் கிளாஸைத் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டு பனியில் இறங்க வேண்டாம்.

வெள்ளைப் பிரம்பை வாங்க நிறையப் பேர் வெட்கப்படுகிறார்கள். அது முழுக்கப் பார்வை இல்லாதவர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பிழை. பஸ்காரரும் லொறிக்காரரும் உங்களைக் கண்டுகொள்ள அது ஒரு அடையாளம். பார்வை கொஞ்சம் கூட இருப்பவர்களுக்குக் கட்டையான பிரம்பு போதும். தரையைத் தடவி நடக்க நெஞ்சு உயரம் வரும் நீளப் பிரம்பும் பயிற்சியும் வேண்டும். தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் பழக்கமான கம்பு உதவும்தான், ஆனால் டவுனில் வெள்ளைப் பிரம்பே நல்லது.

கூட்டிப் போகிறவர் நீங்கள் என்றால், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பார்வை குறைந்தவர் உங்கள் முழங்கைக்கு மேல் பிடிக்கட்டும், நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். படி வந்தால் நின்று, ஏறுவதா இறங்குவதா என்று சொல்லுங்கள்.

9. ஃபோனும் காசும்

வீட்டில் இருக்கும் அன்ட்ரொயிட் ஃபோனே பாதி லோ விஷன் கருவி. செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதியில் எழுத்தைப் பெரிதாக்கலாம், திரையைத் தட்டிப் பெரிதாக்கும் வசதியைத் திறக்கலாம், டோக்பேக் போட்டால் திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துச் சொல்லும். கெமராவால் மருந்து அட்டையைப் படமெடுத்து இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பது எல்லாவற்றிலும் சுலபம். பேரப்பிள்ளையிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழகுங்கள். டோக்பேக்கை நிறுத்துவது எப்படி என்று முதலில் கற்றுவிட்டு அப்புறம் திறங்கள். அதில் தட்டும் முறையே மாறிவிடும்.

காசுத் தாள்களில், நடனக் கலைஞர்கள் படம் உள்ள வரிசையில், பெறுமதி கூடக் கூட நீளம் கூடும்: 20 ரூபாய் 128 மில்லிமீற்றர், 5,000 ரூபாய் 153 மில்லிமீற்றர். அகலம் ஒன்றுதான். ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பழகினால் கை பிடித்துக்கொள்ளும். 1,000 ரூபாயையும் 5,000 ரூபாயையும் வேறு வேறு விதமாக மடித்து வையுங்கள். ஏ.டி.எம் ரகசிய எண்ணைக் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள், எவ்வளவு பழகியவராக இருந்தாலும் சரி.

10. இல்லாதது கண்ணில் தெரிந்தால்

பார்வை வெகுவாகக் குறைந்த சிலருக்கு, அங்கே இல்லாத முகங்கள், குட்டி மனிதர்கள், பூ வேலைப்பாடு, மிருகங்கள் தெரியும். சத்தம் வராது, படம் மட்டும்தான். சார்ள்ஸ் பொனே நோய்க்குறி என்று இதற்குப் பெயர். கண்ணிலிருந்து செய்தி குறைந்தபோது மூளை தானே படம் வரைகிறது. இது பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை. எங்கள் பக்கத்தில் வெளியே சொன்னால் கோடாங்கியிடம் கூட்டிப் போய்விடுவார்கள் என்று பயந்து பெரியவர்கள் சொல்வதே இல்லை, உள்ளுக்குள் வைத்து நடுங்குவார்கள். நீங்களே மெதுவாகக் கேளுங்கள். லைட்டைப் போடுவது, கண்ணை வேகமாக இடம் வலம் அசைப்பது, எழுந்து நடப்பது என்றால் சில வேளை மறையும். சத்தமும் சேர்ந்து கேட்டாலோ, தெரிவது நிஜம் என்றே அவர் நம்பினாலோ, டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

11. மாதக் கொடுப்பனவும் வேலையும்

அங்கவீனமுற்றோருக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. லோ விஷன் என்று எழுதியவுடன் தானாக வந்துவிடாது. குடும்ப வருமானமும் பார்வை அளவும் பார்ப்பார்கள். முதலில் கிராம சேவகர், அப்புறம் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர். படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். அடையாள அட்டைப் பிரதி, அவர் பெயரிலேயே உள்ள வங்கிப் புத்தகத்தின் பிரதி, மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழில் டாக்டரின் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா, இரண்டு கண்ணின் அளவும் எழுதியிருக்கிறதா என்று ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருமுன் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு கையெழுத்துக்காக மறுபடியும் மலையிறங்க வேண்டிவரும். விண்ணப்பம் கொடுத்த திகதியையும் வாங்கியவரின் பதவியையும் எழுதி வையுங்கள். பதில் வர மாதக்கணக்காகும். 1919 அரச தகவல் நிலையத்துக்குத் தமிழிலேயே பேசலாம்.

பார்வையால் வேலையை நிரந்தரமாக விட்டவர்கள், பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 என்ற வயது வருமுன்பே, மருத்துவச் சான்றோடு ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். ஆனால் உடனே வேலையை விடாதீர்கள். சரிவில் கொழுந்து எடுக்க முடியாதவருக்கு வேறு வேலை தரும்படி டாக்டர் கடிதத்தோடு தோட்டத்து நிர்வாகத்தையும் சங்கத் தலைவரையும் கேட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். படித்த இளைஞர்கள், அரச வேலைகளில் 3 சதவீதம் அங்கவீனமுற்றோருக்கு ஒதுக்கச் சொல்லும் 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைத் தெரிந்து வைத்திருக்கட்டும்.

12. திரும்ப எப்போது போவது

கொடுத்த லென்ஸ் ஒரு மாதம் பழகியும் ஒத்துவராவிட்டால் திரும்பக் கொண்டு போங்கள். அலுமாரியில் வைத்துவிடாதீர்கள். கறுப்புப் புள்ளிகள் திடீரென மழைபோல் விழுவது, மின்னல்போல் ஒளி, திரை இறங்குவதுபோல் ஒரு பக்கம் மறைவது, கண் சிவந்து கடும் வலி: இவற்றில் எது வந்தாலும் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கண் அழுத்த நோய் என்றால் கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் கண் அழுத்தம் பார்க்க வேண்டும். சீனி உள்ளவர்கள், பார்வை நன்றாகத் தெரிந்தாலும், வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்டிக்கொள்ளுங்கள். அம்மாவோடு கிளினிக் போகிற அன்றே நானும் ஒரு நம்பர் எடுத்துவிடுகிறேன்.